கார்பனா, அலுமினியமா: இலகு போர் விமானத்துக்கு எந்தத் தோல்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் மடிக்கணினியோடு மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்கு வந்து இறங்கினாள். போலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பு படிக்கிறாள். இறுதித் தவணைக்கு ஓர் இடுபணி கொடுத்திருக்கிறார்கள். ஒற்றை எஞ்சின் கொண்ட இலகு போர் விமானம் ஒன்றுக்கு வெளித்தோல் எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, காரணம் எழுத வேண்டும். விமானம் ரேடாரில் குறைவாகத் தெரிய வேண்டும். அதற்காகக் கூட்டும் எடை 100 கிலோவைத் தாண்டக்கூடாது. வெயிலும் மழையும் கடலுப்பும் உள்ள நாட்டில் பறக்கும். ஏவுகணையும் குண்டும் இறக்கைக்கு அடியில் வெளியே தொங்கும். நிபந்தனை இவ்வளவுதான்.

"அத்தை, நான் கார்பன்னு முடிவு பண்ணிட்டேன். அலுமினியம் உலோகம், ரேடார்ல பளிச்சுனு தெரியும். கார்பன் தெரியாது. சரிதானே?"

சரியில்லை. பதினான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையில் கார்பன் துணியை அடுக்கடுக்காக விரித்துப் பயணிகள் விமானத்துக்கு இறக்கைப் பலகை செய்தவள் நான். இந்தப் பேச்சை வேலையிடத்திலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். ரேடாருக்குத் தெரியாத விமானங்களின் படத்தைப் பார்த்தால் எல்லாம் கறுப்பு. கார்பனும் கறுப்பு. இரண்டுக்கும் மனசில் ஒரு முடிச்சு விழுந்துவிடுகிறது. அவளுடைய இடுபணி அந்த முடிச்சோடு போகக்கூடாது என்றுதான் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து பேசினோம். பேசியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கார்பன். அது மின்சாரத்தைக் கடத்தும். எங்கள் தொழிற்சாலையில் பலகைக்குத் துளை போடும் அறையில் தூசியை உறிஞ்சும் குழாய் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். கார்பன் தூசி மின் சாதனத்துக்குள் போனால் ஷார்ட் ஆகிவிடும் என்பது இன்னொன்று. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கார்பன் கூட்டுப்பொருள், அதாவது பிசினில் பதித்த கார்பன் நார், ஆயிரம் மடங்கு அளவுக்கு மோசமான கடத்திதான். அதனால்தான் இடி விழுந்தால் தாங்குவதற்கு அதன் மேல் மெல்லிய செப்பு வலையைப் பதிக்கிறோம். ஆனால் ரேடார் அலையைத் திருப்பி அனுப்ப அந்தக் கடத்தல் தாராளமாகப் போதும். போர் விமானத்தின் மூக்கிலிருக்கும் ரேடார் அனுப்பும் அலையின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அந்த அலைக்குக் கார்பன் பலகையும் அலுமினியத் தகடும் கிட்டத்தட்ட ஒரே கண்ணாடிதான். ஒரே வடிவத்தில் இரண்டு விமானம் செய்து, ஒன்றுக்கு அலுமினியத் தோலும் மற்றதற்குக் கார்பன் தோலும் போட்டால், ரேடார் திரையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

"அப்போ கண்ணாடி நார்?" என்றாள். அடுத்தது அதுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி நார், கெவ்லார் என்ற செயற்கை நார் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாது. ரேடார் அலையைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். எந்தப் போர் விமானத்தை எடுத்தாலும் மூக்கின் கூம்பு மட்டும் இந்த வகைப் பொருளில் இருப்பது அதனால்தான். உள்ளே இருக்கும் ரேடாருக்கு வழி வேண்டும். சரி, விமானம் முழுவதையும் அப்படியே செய்துவிட்டால்? அமெரிக்காவில் செய்து பார்த்திருக்கிறார்கள். விண்டெக்கர் ஈகிள் என்ற சின்ன விமானம் கண்ணாடி நாரில் செய்யப்பட்டு 1969இல் பறக்கும் சான்றிதழ் வாங்கியது. 1970களில் அமெரிக்க விமானப்படை ஒன்றை எடுத்து ரேடார் சோதனைக்குப் பறக்கவிட்டது. தோல் அலையை உள்ளே விடும்போது, உள்ளே இருக்கும் எஞ்சின், எரிபொருள் தொட்டி, கம்பிக்கட்டு, விமானியின் நாற்காலி எல்லாம் ரேடாருக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பதுதான் இந்த வழியின் சிக்கல். கொசுவலைக்குள் விளக்கு வைத்த மாதிரி. சின்ன விமானத்தில் உள்ளே இருப்பது கொஞ்சம்தான், மூடி மறைக்கலாம். போர் விமானத்தின் வயிறு முழுக்க உலோகம். அதைக் கண்ணாடி நாரால் போர்த்தினால், வழவழப்பான தோல் கொடுக்கும் ஒழுங்கான எதிரொலிக்குப் பதிலாக, கோணல்மாணலான நூறு உறுப்புகளின் எதிரொலி கிடைக்கும். கண்ணாடி நார் கார்பனைவிட நெகிழ்ந்து கொடுக்கும், எடையும் கூடுதல். மூக்குக்கும், வால் நுனியில் ஆண்டெனா மூடிகளுக்கும் அது போதும். தோல் முழுவதற்கும் வேண்டாம் என்று அடித்துவிட்டோம்.

நம் நாட்டிலும் முழுக்கக் கூட்டுப்பொருளால் ஆன விமானம் ஒன்று செய்தார்கள். மலாக்கா பத்து பெரெண்டாமில் 1990இல் தொடங்கிய சி.டி.ஆர்.எம். நிறுவனம் வழியாக வந்த ஈகிள் 150, இரண்டு பேர் உட்காரும் விமானம். ரேடாரிலிருந்து ஒளிவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை. எடைக்காகவும், தொழிலைக் கற்றுக்கொள்வதற்காகவும் செய்தார்கள். அந்தத் தொழில் இங்கேயே தங்கியது. இன்று ஏர்பஸ், போயிங் இரண்டுக்கும் மலேசியாவிலிருந்து கூட்டுப்பொருள் பாகங்கள் போகின்றன. கெடாவின் வட கோடியில் புக்கிட் காயு ஹீத்தாமில்கூட ஒரு தொழிற்சாலை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர், முக்கியமாகப் பெண்கள், இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள். பால்மரத்துப் பட்டையில் ஆழம் தப்பாமல் கத்தி போட்ட அம்மாக்களின் பிள்ளைகள் இவர்கள். கார்பன் துணியை ஒரு மில்லிமீட்டர் தப்பாமல் விரிப்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சரி, தோல் பெரிய வித்தியாசம் செய்யாது என்றால், ரேடாருக்குப் பளிச்சென்று தெரிவது எது? இதைத்தான் அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. நேரமும் இதற்குத்தான் அதிகம் ஆனது.

அப்பா பால் வெட்டப் போகும்போது சில நாள் நானும் கூடப் போவேன். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்பார். இருட்டில் மரநாய் நின்றால் அதன் உடம்பு தெரியாது. இரண்டு கண் மட்டும் பச்சையாக மின்னும். விளக்கு வெளிச்சம் கண்ணுக்குள் போய், உள்ளே பட்டு, வந்த வழியே திரும்பி அப்பாவின் நெற்றிக்கே வருகிறது. பக்கத்தில் நடக்கும் எனக்குக்கூட அவ்வளவு பிரகாசமாகத் தெரியாது. போர் விமானத்தை முன்னாலிருந்து பார்க்கும் ரேடாருக்கும் இதேதான் நடக்கிறது. காற்று உள்ளே போகும் வாய் ஒரு குகை. அதன் கடைசியில் எஞ்சினின் முதல் வரிசை விசிறி இதழ்கள் சுழல்கின்றன. அலை உள்ளே போய், இதழில் பட்டு, சுவர்களில் முட்டி, வந்த வழியே திரும்புகிறது. விமானி உட்காரும் அறையும் அப்படித்தான்: மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே நாற்காலி, கருவிகள், தலைக்கவசம். மூக்குக் கூம்புக்குள் இருக்கும் ரேடார் தட்டு மூன்றாவது கண். உடம்பைக் கறுப்பாக்கினாலும் கண் மின்னத்தான் செய்யும்.

இதற்குச் சான்று கேட்டாள். எஃப்-117ஐச் சொன்னேன். ரேடாருக்கு ஒளிவதற்கென்றே கட்டிப் பறக்கவிட்ட முதல் போர் விமானம் அது. 1981இல் பறந்தது. அதன் உடல் பெரும்பாலும் அலுமினியம். ஆமாம், அலுமினியம்தான். ரஷ்யாவின் பியோத்தர் உஃபிம்ட்சேவ் விளிம்புகளில் அலை எப்படிச் சிதறுகிறது என்று 1962இல் எழுதிய கணக்கை லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் எடுத்து, தட்டையான முகங்களைச் சாய்த்துச் சாய்த்து வைத்து, அலை வந்த பக்கமே திரும்பாதபடி செய்தார். காற்று வாயில் நெருக்கமான கம்பிச் சல்லடை போட்டார்கள். குண்டை வயிற்றுக்குள் வைத்தார்கள். மேலே அலையை விழுங்கும் பூச்சு. அலுமினியத்தின் மேல் இவ்வளவையும் செய்த பிறகுதான் அது மறைந்தது.

காற்றுவழிக்கு இன்னொரு உதாரணம் அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானம். அதன் இரண்டாவது வடிவமான பி-1பியில் காற்றுவழியை மாற்றி, எஞ்சின் முகம் நேராகத் தெரியாதபடி தடுப்புகள் வைத்தார்கள். ரேடாரில் அது முன்னதைவிட வெகுவாகச் சுருங்கியது. பதிலுக்கு ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒளிவதற்கு விலை உண்டு. அந்த விலை பெரும்பாலும் எடையிலும் வேகத்திலும்தான் போகும்.

இனி கணக்கு. ரேடார் ஒன்றைக் கண்டுபிடிக்கும் தூரம், அந்தப் பொருள் ரேடாருக்குக் காட்டும் பரப்பின் நான்காம் படிமூலத்தை, அதாவது வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அலை போகும்போது ஒரு தடவை பரவி மெலிகிறது, திரும்பும்போது இன்னொரு தடவை பரவி மெலிகிறது. அதனால் வருவது இது. ஒரு ரேடார், 4 சதுர மீட்டர் பரப்புக் காட்டும் விமானத்தை 100 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பைப் பாதியாக்கி 2 சதுர மீட்டர் ஆக்கினால் 84 கிலோமீட்டரில் கண்டுபிடிக்கும். கால்வாசியாக்கி 1 சதுர மீட்டர் ஆக்கினால் 71. பத்தில் ஒன்றாக்கினால் 56. நூறில் ஒன்றாக்கினால்தான் 32.

அவள் முகம் வாடிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுப் பாதியாகக் குறைத்து, கிடைப்பது 16 கிலோமீட்டரா என்றாள். எதிரெதிரே இரண்டு விமானம், ஒவ்வொன்றும் மணிக்கு 900 கிலோமீட்டரில் வந்தால், நிமிடத்துக்கு 30 கிலோமீட்டர் நெருங்கும். அந்த 16 கிலோமீட்டர் அரை நிமிடம். கால்வாசியாக்கினால் ஏறக்குறைய ஒரு நிமிடம். போரில் ஒரு நிமிடம் பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு எத்தனை கிலோ கொடுக்கிறோம், எவ்வளவு பராமரிப்பைத் தலையில் கட்டிக்கொள்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இறக்கைக்கு அடியில் இரண்டு எரிபொருள் தொட்டி, நாலு ஏவுகணை, அவற்றைத் தாங்கும் கொக்கிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் திருப்பி அனுப்பும். தொட்டிக்கும் இறக்கைக்கும் நடுவே வரும் மூலைகள் அலையை அழகாகத் திருப்பிவிடும். விமானத்தின் சொந்தப் பரப்பை அரை சதுர மீட்டருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, அடியில் அதைவிடப் பெரிதாகத் தெரியும் சாமானைத் தொங்கவிட்டால் பட்ட பாடு வீண். இடுபணி ஆயுதங்களை வெளியேதான் வைக்கச் சொல்கிறது. ஆகவே இந்த விமானத்துக்கு எஃப்-117 வழி கிடையாது. பெரிய கண்களை மூடினால் போதும். அதற்குக் கீழே போகப் போக ஒவ்வொரு கிலோவும் குறைவாகத்தான் திருப்பித் தரும்.

இந்த இடத்தில் உண்மையான விமானங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. நம் அரச மலேசிய விமானப்படையும் அண்மையில் இப்படி ஒரு தேர்வைச் செய்தது. தென்கொரியாவின் எஃப்ஏ-50, இந்தியாவின் தேஜஸ், பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்த ஜேஎஃப்-17 எல்லாம் பேச்சில் இருந்தன. 2023 மே மாதம் லங்காவி லீமா கண்காட்சியில் 18 எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ஏறக்குறைய 920 மில்லியன் அமெரிக்க டாலர்.

இந்த மூன்றில் தேஜஸ்தான் கூட்டுப்பொருளில் வெகு தூரம் போனது. உடற்கட்டின் எடையில் சுமார் 45 விழுக்காடு கூட்டுப்பொருள், வெளிப்பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல். 2001 ஜனவரி 4ஆம் தேதி முதலில் பறந்தது. கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரிலிருந்து அதன் படைப்பிரிவுகள் பறந்திருக்கின்றன. ஜேஎஃப்-17இன் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, பளு தாங்கும் இடங்களில் எஃகும் டைட்டானியமும். எஃப்ஏ-50உம் பெரும்பகுதி உலோகம்தான். தேஜஸ் ரேடாரில் சிறிதாகத் தெரியும் என்று பேசும்போது எல்லாரும் கார்பனைக் காட்டுகிறார்கள். நான் காட்டுவது வேறு. அது சின்ன விமானம், நீளம் 13.2 மீட்டர். வாலில் கிடைமட்டச் சிறகு கிடையாது, அதனால் அலையைத் திருப்பும் பரப்பும் விளிம்பும் குறைவு. இரண்டு பக்கமும் காற்று உள்ளே போய், வளைந்து, ஒன்றாகச் சேர்ந்து எஞ்சினுக்குப் போகும் ஒய் வடிவக் குழாய், எஞ்சின் முகத்தை நேர்ப்பார்வையிலிருந்து மறைக்கிறது. அதாவது மரநாயின் கண்ணை மூடுகிறது. ஜேஎஃப்-17 காற்று வாயில் வைத்திருக்கும் புடைப்பும் எஞ்சினுக்குப் போகும் நேர்ப்பார்வையைக் கொஞ்சம் மறைக்கும். அந்தப் புடைப்பை வைத்தது காற்றோட்டத்துக்காக. மறைப்பு கூடவே வந்த இலாபம்.

அப்படியானால் கார்பனே வேண்டாமா? வேண்டும். வேறு காரணத்துக்காக.

கார்பன் கூட்டுப்பொருளின் அடர்த்தி 1.6 அளவு, அலுமினியக் கலவை 2.8 அளவு. பலம் எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் நாரை ஓடவிடலாம். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 45 பாகையில் சில அடுக்கு, வளையாமல் இருக்க நீளவாக்கில் சில அடுக்கு. நாங்கள் அடுக்கும்போது ஒவ்வோர் அடுக்கின் திசையையும் சத்தமாகச் சொல்லி, பக்கத்தில் நிற்பவர் சரி என்ற பிறகே அடுத்ததை விரிப்போம். பசை ஊறிய அந்தத் துணி மைனஸ் 18 பாகை உறைபெட்டியில் தூங்கும். வெளியே எடுத்தால் இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அட்டையில் எழுதித் தொங்கும். விரித்து முடித்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தச் சூளையில் 180 பாகை அளவுச் சூட்டில், அழுத்தத்தில் வேகவைக்கிறோம். இதில் எனக்குப் பிடித்த வித்தை ஒன்று இருக்கிறது. தோலையும் அதன் உள்ளே ஓடும் விலா எலும்புகளையும் தனித்தனியாகச் செய்து ஆணி அடிக்காமல், சேர்த்தே வேகவைத்து ஒரே துண்டாக எடுத்துவிடலாம். பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் தேஜஸின் பாகங்களுக்கு இந்த வழியை வளர்த்தெடுத்தது. ஆயிரக்கணக்கான ஆணி மிச்சம், துளை மிச்சம், எடை மிச்சம்.

ரேடாருக்கும் இங்கேதான் கார்பன் ஓர் உதவி செய்கிறது. ஆணித்தலை, தகடும் தகடும் சேரும் இடைவெளி, படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் விளிம்பு எல்லாம் அலையைச் சிதறடிக்கும். பெரிய துண்டாக, வழவழப்பாக, சொன்ன வளைவு அப்படியே வரும்படி செய்தால் இவை குறையும். ஆனால் இவை சின்ன வெளிச்சங்கள். பெரிய வெளிச்சத்தை அணைத்த பிறகுதான் இவை கண்ணுக்கே படும். காற்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஆணித்தலையை மூடுவதில் பலன் இல்லை. அதனால் அவளிடம் சொன்னேன்: கார்பனை எடைக்காக எடுத்தேன் என்று எழுது. அது மிச்சப்படுத்தும் எடையை ரேடாருக்கு எதிரான வேலைக்குச் செலவழிக்கிறேன் என்று எழுது. அந்த வரிசையில் எழுதினால் உன்னை யாரும் மடக்க முடியாது.

அலுமினியத்தின் பக்கமும் பேச வேண்டும். நம் ஊர் மாதிரி இடத்தில் அதன் பக்கம் பலமானது. அலுமினியம் அடிபட்டால் ஒடுங்கும். கண்ணுக்குத் தெரியும். வெட்டி எடுத்து, ஒட்டுத் தகடு வைத்து, ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. தளத்திலேயே செய்யலாம். கார்பன் அப்படியில்லை. கைதவறி விழுந்த ஸ்பேனர் மேலே சின்னக் கீறல்தான் விட்டிருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். காசால் தட்டிப் பார்ப்போம். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும், பலாப்பழத்தைத் தட்டுவது போல. சந்தேகம் என்றால் ஒலியலைக் கருவி. என் வேலைக்காலத்தில் ஒரு தடவை, துணியின் பின்னால் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளின் துண்டு ஒன்று இரண்டு அடுக்குக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. சோதனையில் பிடிபட்டு, முழுப் பலகையும் குப்பைக்குப் போனது. நாலு பேருடைய இரண்டு நாள் உழைப்பு. இன்றைக்கும் நினைத்தால் வயிறு கலங்கும். அது விமானத்தில் ஏறாமல் போனதே என்ற நிம்மதியும் கூடவே வரும்.

ஈரமும் ஒரு பிரச்சினை. கார்பனைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசின் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறிய பிசின் வெயிலில் சூடாகும்போது பலம் குறையும். அதனால் வடிவமைக்கும்போதே 'சூடும் ஈரமும்' சேர்ந்த நிலையில் சோதித்த பலத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கெடாவில் மதியம் ஒரு மணிக்கு ஓடுபாதையில் நிற்கும் கறுப்பு இறக்கையை நினைத்துப் பாருங்கள். ஒட்டுப் போடும்போதும் முதலில் ஈரத்தை மெதுவாகச் சூடுகாட்டி விரட்டிவிட்டுத்தான் புதுத் துணியை ஒட்ட முடியும். அப்புறம் கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால், மின்கலம் மாதிரி ஆகி அலுமினியம் அரித்துப்போகும். தொடும் இடத்தில் கண்ணாடி நார் அடுக்கு ஒன்று வைக்க வேண்டும், ஆணி டைட்டானியத்தில் இருக்க வேண்டும். டைட்டானியம் விலை கூடுதல்.

இதெல்லாம் முடியாத காரியமும் இல்லை. பட்டர்வொர்த் தளத்திலிருந்து பறக்கும் ஹார்னெட் விமானங்களின் இறக்கைத் தோல் கார்பன்தான். 1997இலிருந்து இந்த வெயிலிலும் மழையிலும் நம் தலைக்கு மேலேதான் போய்வருகின்றன. அதைச் சொன்னதும் மருமகள் சன்னல் பக்கம் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை, வானத்தில் ஒன்றும் இல்லை.

கடைசித் தெரிவு, அலையை விழுங்கும் பூச்சும் பலகையும். இதில் தோட்டத்து ஆட்களுக்குச் சொந்தமான ஒரு விஷயம் உண்டு: ரப்பர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் நீர்மூழ்கிக் கப்பலின் சுவாசக் குழாய் மேல் இரும்புத் தூள் கலந்த ரப்பர் விரிப்பை ஒட்டி, ரேடாரிலிருந்து மறைக்கப் பார்த்தார்கள். இன்றைக்கும் இந்த வகை விரிப்புகளில் பெரும்பாலும் ரப்பர் மாதிரி ஏதோ ஒன்றில் இரும்பு, ஃபெரைட், கார்பன் தூள்தான் கலந்திருக்கிறது. அலை உள்ளே போய்த் தூளை உசுப்பிச் சூடாகி அடங்கிவிடும். குறை எடைதான். இரும்பு கலந்த விரிப்பு ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் சதுர மீட்டருக்கு 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் வெளிப்பரப்புக்கு 400 கிலோ. தேஜஸ் அளவு விமானத்தின் காலி எடையே ஆறரை டன்தான். இடுபணியின் வரம்போ 100 கிலோ. ஆகவே விமானம் முழுக்கப் பூசுவது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. தவிர, இந்தப் பூச்சு உரியும், மழை அரிக்கும், ஒவ்வொரு மூடியைத் திறந்து மூடிய பிறகும் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். பி-2 குண்டுவீச்சு விமானத்துக்குச் சூடும் ஈரமும் கட்டுப்படுத்திய கொட்டகை தேவைப்படுவது இந்தத் தோலுக்காகத்தான்.

இன்னொரு எல்லையும் உண்டு. 3 சென்டிமீட்டர் அலைக்கு ஏற்ற தடிப்பு, மீட்டர் நீள அலைக்கு ஒன்றும் செய்யாது. 1999 மார்ச் 27ஆம் தேதி செர்பியாவில் எஃப்-117 ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டபோது, முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது பழைய, நீள அலை ரேடார்.

ஆக எங்கள் தேர்வு இப்படி நின்றது. இறக்கை, செங்குத்து வால், உடலின் பெரிய பலகைகள் கார்பன், முடிந்தவரை சேர்த்து வேகவைத்தது. மூக்கும் ஆண்டெனா மூடிகளும் கண்ணாடி நார். தினமும் திறந்து மூடி, ஸ்பேனரும் முழங்காலும் படும் வயிற்றுக் கதவுகள் அலுமினியம். அவள் அவற்றையும் கார்பனாக்கத்தான் பார்த்தாள். நான் விடவில்லை. தளத்தில் ஒடுங்கினால் தளத்திலேயே நிமிர்த்த வேண்டிய இடம் அது. வளைந்த காற்றுக் குழாய், அதன் உள்சுவருக்கு மட்டும் விழுங்கும் விரிப்பு: 80 சென்டிமீட்டர் விட்டம், 5 மீட்டர் நீளம் என்று வைத்தால் ஏறக்குறைய பன்னிரண்டரை சதுர மீட்டர், 50 கிலோ. விமானியின் கண்ணாடிக் கூரைக்குக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு. எடை ஒன்றுமில்லை, அலை உள்ளே போகாமல் வழுக்கிப் போய்விடும். மூக்கிலிருக்கும் ரேடார் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, அதன் பின்சுவரில் விரிப்பு, 10 கிலோவுக்குள். இறக்கையின் முன்விளிம்புக்கு ஒரு 15 கிலோ.

வாங்குவது என்று வந்தால் என் கணக்கு மாறும். 18 விமானத்தை முப்பது வருஷம் பறக்கவைக்க வேண்டிய நாட்டுக்கு, ரேடாரில் கிடைக்கும் அரை நிமிடத்தைவிட, கொட்டகையில் மிச்சமாகும் நாட்கள் பெரிது. உலோக உடல் என்பதற்காக எஃப்ஏ-50ஐக் குறையாகப் பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கார்பன் உடல் என்பதற்காகவே தேஜஸைத் தூக்கிப் பேசுவதும் சரியில்லை. எந்த உடலாக இருந்தாலும் அதற்கு ஒட்டுப் போடத் தெரிந்த கைகள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் இருக்கின்றன. அந்தக் கைகளை விமானப்படைப் பராமரிப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும் என்பது என் ஆசை.

இடுபணிக்கு வருவோம். விரிப்புகளின் எடையைக் கூட்டிப் பார்த்தால் 75 கிலோ. மிச்சம் 25. மருமகள் அதை ஆயுதக் கொக்கிகளின் மேல் ஒட்ட வேண்டும் என்கிறாள். கழற்றி மாட்டும் சாமான், ஒரு மாதத்தில் பிய்ந்துவிடும் என்கிறேன் நான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். நேற்றிரவு செய்தி போட்டிருந்தாள்: "அத்தை, கொக்கிக்கு 10 கிலோ மட்டும் எழுதிருக்கேன். பதினஞ்ச கையில வச்சிருக்கேன்."